'முடியும்' என்ற கட்டம்

மார்ச் 4, செவ்வாய். மாலை 6.40. படிகள் ஐம்பத்து நான்கு.

லிஃப்ட் நின்று இன்றோடு ஒன்பது நாள். பழுதை நானே பார்க்கிறேன், நானும் மெக்கானிக்தான் என்றால் கட்டிட மேலாளர் விடமாட்டேன் என்கிறார். "அதுக்கு லைசென்ஸ் உள்ள கம்பெனிக்காரன் வரணும் தம்பி." அவன் வரவில்லை. லைசென்ஸ் இல்லாத நான் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறேன். தோளில் இன்னும் சிவப்பாக இருக்கிறது.

இன்று சலவை ஆலையில் சூப்பர்வைசரிடம் சம்பளம் கூட்டிக் கேட்டேன். நேராகத்தான் கேட்டேன். டிப்ளமா முடித்தவன், நான்கு வருஷம் ஆகிறது, பன்னிரண்டு துவைப்பு மெஷினும் ஆறு ட்ரையரும் என் கையால்தான் ஓடுகின்றன என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் ஸ்பேனருக்கு வெளியில முப்பது பேர் நிக்கிறாங்கப்பா."

அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் மாதச் சம்பளத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், பஸ், மதியச் சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு ஜோடி சேஃப்டி ஷூ எல்லாம் போக நிற்பது எழுபத்தொன்பது. அத்தானுக்கு அரசு தரும் உதவித்தொகை எழுபத்திரண்டு. வித்தியாசம் ஏழு. வாரம் அறுபது மணி நேரம் நீராவியில் வெந்து நான் சம்பாதிப்பது அந்த ஏழுதான். மற்றதெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்தாலே வருகிறது.

அத்தான் அக்காவின் வீட்டுக்காரர். டைல்ஸ் பதிக்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் நான்கு திருகாணி வைத்தார்கள். அதோடு வேலை நின்றது. அக்கா வீட்டிலேயே துணி தைக்கிறாள். வாடகையில் பாதி நான்.

கேட்டேவிட்டேன் அக்காவிடம். "நான் வேலையும் பாத்துட்டு வந்து தண்ணியும் தூக்கணுமா? வீட்ல ஒருத்தர் சும்மாதானே இருக்காரு?"

அக்கா தையல் மெஷினை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள். உள்ளறையில் அத்தான் மகள் குட்டிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் நின்றது. பிறகு, "ஏழெட்டு என்ன, சொல்லு" என்று தொடர்ந்தது.

கேட்டிருக்கும். கேட்கட்டும். நான் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவன் இல்லை.

மார்ச் 6, வியாழன்

பாய்லரில் கசிவு. மதியமே அனுப்பிவிட்டார்கள். கட்டிடத்துக்குள் நுழைகிறேன், முதல் மாடித் திருப்பத்தில் அத்தான். தோளில் தண்ணீர் கேன். ஒரு கை கேனில், ஒரு கை கைப்பிடிச் சுவரில். பாட்டு வேறு. ஏதோ பழைய மெட்டு, வார்த்தை இல்லாமல்.

"என்ன அத்தான், ஜம்முனு இருக்கீங்க போல?"

"இருக்கேன் மாப்ள. நீ ஒருத்தனே தூக்கினா போதுமா? நாங்களும் ஆம்பளைதானே."

சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னாலேயே ஏறினேன், கையை வீசிக்கொண்டு. மூன்றாம் மாடி வரை பாட்டு நிற்கவே இல்லை.

அப்படியானால் முடிகிறது! மூன்று வருஷமாக நாங்கள் என்ன நம்பிக்கொண்டிருக்கிறோம்?

மார்ச் 7, வெள்ளி

பாய்லர் வேலை. நாளை மாலை வரை ஆலையிலேயே. தங்கும் அறை மெத்தையில் மூட்டைப் பூச்சி. இதற்கு எந்த உதவித்தொகையும் கிடையாது.

மார்ச் 12, புதன்

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து மறு ஆய்வுக் கடிதம். மருத்துவப் பரிசோதனை அடுத்த மாதம். அதற்கு முன் 'உடன் வசிப்பவர் வாக்குமூலம்' ஒன்று தர வேண்டுமாம். மனைவி தரக் கூடாது, வேறு பெரியவர் யாராவது. வீட்டில் வேறு பெரியவன் நான்தான்.

"நீதான் படிச்சவன். நீயே நிரப்பி அனுப்பிடு. எனக்கு அதைப் பாத்தாலே தலை சுத்துது," என்று அக்கா என் கருவிப் பைக்குள் செருகிவிட்டாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆலையில் தேநீர் நேரத்தில் வேலை மேசை மேலேயே நிரப்பினேன். பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே கட்டம்: முடியும், முடியாது. குனிய? படி ஏற? பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க? அரை மணி நேரம் நிற்க? நாங்கள் மெஷினுக்கு வைத்திருக்கும் பரிசோதனைத் தாளும் இப்படித்தான். ஓடுகிறது, ஓடவில்லை. ஓடவிட்டுப் பார்க்கிறோம், ஓடினால் டிக். அதில் மனச்சாட்சிக்கு வேலை இல்லை.

படி ஏற முடியும். டிக். தூக்க முடியும். டிக். பன்னிரண்டில் ஒன்பது.

கீழே 'கூடுதல் குறிப்பு' என்று மூன்று வரி இடம். அதையும் காலியாக விடவில்லை. "மார்ச் 6 அன்று இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூன்றாம் மாடி வரை எங்கும் நிற்காமல் தூக்கி வந்ததை நேரில் பார்த்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினார்."

உறையை ஒட்டினேன். பொய் ஒரு எழுத்து கிடையாது. முடிவு செய்வது அவர்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "எழுதிட்டியா?"

"உள்ளதை எழுதினேன்."

"அது போதும்டா."

ஏப்ரல் 3, வியாழன்

அத்தானைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள் அக்கா. இரண்டு மணி நேரம் காத்திருப்பு, ஏழு நிமிஷம் டாக்டர். அத்தான் வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "என்ன கேட்டாங்க?" என்றால், "வழக்கம்போலத்தான் மாப்ள" என்கிறார்.

ஏப்ரல் 17, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. 'பணி செய்யத் தகுதியுள்ளவர்.' அடுத்த மாதத்திலிருந்து உதவித்தொகை நிற்கிறது. முப்பது நாளுக்குள் வேலையில் சேர்ந்து சான்று காட்டினால் மூன்று மாதத்துக்குச் சின்ன ஊக்கத்தொகை. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் முடிவு வரும் வரை காசு கிடையாது.

அக்கா கடிதத்தை மூன்று தடவை வாசித்தாள். பிறகு ஆரம்பித்தாள். "ஏழு நிமிஷம் பாத்தான் அந்த டாக்டர். ஏழே நிமிஷம்! தொட்டுக்கூடப் பாக்கலை. அவன் முதுகு ஒடிய. அவனுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு கடுதாசி வரணும்."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும். மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். வாயைத் திறந்தால் அக்கா இன்னொரு கரண்டி போட்டாள். "சாப்பிடு. நீயாவது தெம்பா இரு. இனிமே நீதான்."

அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. அல்லது நான் அவரைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

சும்மா இருக்க முடியவில்லை. சூப்பர்வைசரிடம் போய், மடிக்கும் பகுதியில் ஆள் வேண்டும் என்றீர்களே, என் அத்தான் வருவார் என்றேன்.

"ஆளு எப்படி?"

"நல்ல வேலைக்காரர்."

"முதுகு கிதுகு ஒண்ணும் இல்லையே? போன ஆளு முதுகுன்னு சொல்லித்தான் ஓடினான்."

"அரசாங்கமே தகுதின்னு எழுதிக் குடுத்திருக்கு."

இதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். துண்டு மடிக்கிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம், சம்பளம் என் நூறுக்கு அறுபத்தெட்டு. உதவித்தொகையை விட நான்கு குறைவு, பரவாயில்லை, ஊக்கத்தொகை அதைச் சரிக்கட்டும். வீட்டில் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் இல்லேன்னா…" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

அத்தானுக்கு முதல் நாள். என் பழைய நீலச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். சன்னல் கம்பியைப் பிடித்தபடி, "மாப்ள, இனிமே ரெண்டு பேரும் ஒரே கேட்டு, ஒரே சைரன். வீட்லதான் தனித்தனி பாய்" என்றார். முன்னால் நின்ற பெண்மணிகூடச் சிரித்தாள்.

மதியத்துக்குள் பகுதி முழுவதும் அவர் பக்கம். இஸ்திரி உருளையில் நிற்கும் பெரிய பெண்மணி, நாங்கள் இஸ்திரியம்மா என்போம், யாரையும் சட்டை செய்யமாட்டார். அவரே கேட்கிறார்:

"டைல்ஸ் மேஸ்திரிக்குத் துண்டு மடிக்கத் தெரியுமா?"

"மூலைக்கு மூலை சேரணும், அவ்வளவுதானேம்மா. இது டைல்ஸை விட ஈசி. கீழ விழுந்தா உடையாது."

"நீங்க விழாம இருந்தாச் சரி."

"நான் ஒரு தடவை விழுந்து பாத்துட்டேன். உடையத்தான் செய்யுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிம்மதி. பார்த்தாயா, இதுதான் மனுஷனுக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

மடிக்கும் மேசையிலிருந்து அத்தானை ஈரத் துணி வண்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறையாம், ஒரு வாரத்துக்குத்தானாம். நிரம்பிய வண்டி நூற்றிருபது கிலோ. சக்கரம் இருக்கிறது, தள்ளினால் போதும். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

வண்டி தள்ளும்போதும் பாடுகிறார். இஸ்திரியம்மா, "மேஸ்திரிக்கு இன்னைக்கு என்ன குஷியோ" என்கிறார்.

மே 9, வெள்ளி

காலை 10.15. பதினோராவது நாள்.

மூன்றாம் ட்ரையரில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. அதை நான் கவனிக்கவில்லை, பிறகு யோசித்துச் சொல்கிறேன். இஸ்திரியம்மா கத்தினார். ஓடினேன். வண்டிக்கும் சுவருக்கும் இடையில் உட்கார்ந்திருந்தார். விழுந்ததுபோல இல்லை, யாரோ உட்காரவைத்ததுபோல. முகத்தில் வியர்வை.

"மாப்ள, இடது கால் எங்க இருக்குன்னு பாரு."

"இங்கதான் இருக்கு அத்தான்."

"தொட்டுப் பாரு."

தொட்டேன். ஷூவைக் கழற்றி, பாதத்தைப் பிடித்து அழுத்தினேன்.

"தொட்டியா?"

தொட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

மே 11, ஞாயிறு

அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரு திருகாணி நகர்ந்து நரம்பை அழுத்தியிருக்கிறது. ஒரே நாளில் நகர்ந்ததல்ல, கொஞ்சம் கொஞ்சமாக என்கிறார் டாக்டர். "நரம்பு திரும்புமா?" என்றேன். "ஆறு மாசம் பாக்கலாம்" என்றார். எங்கள் தொழிலில் 'பார்க்கலாம்' என்று நான் எப்போது சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு நாள் கூலியை ஆலை அனுப்பிவிட்டது. சட்டைக்குப் பிடித்தம் செய்திருக்கிறார்கள். அது என் பழைய சட்டை.

மே 14, புதன்

ஐந்தாம் மெஷினில் மோட்டார் எரிந்துவிட்டது. திங்கட்கிழமைதான் மாற்றியது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஸ்டோர்காரரே எடுத்து மாட்டியிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் அதே குதிரைத்திறன், அதே அளவு, ஆனால் பெயர்த்தகட்டில் தெளிவாக அடித்திருக்கிறது: பதினைந்து நிமிஷம் ஓட்டம், நாற்பத்தைந்து நிமிஷம் ஓய்வு. கதவு திறக்கிற மோட்டார் அது. அதைக் கொண்டுவந்து நாள் முழுக்கச் சுற்றுகிற டிரம்மில் மாட்டினால்?

கத்தினேன். "கண்ணு இருக்கா இல்லையா? தகட்டைப் படிக்கவே மாட்டீங்களா?"

"ஓட்டிப் பாத்தேம்ப்பா. பத்து நிமிஷம் நல்லாத்தான் ஓடுச்சு."

"பத்து நிமிஷம் எதுவும்தான் ஓடும்! ஒரு தடவை ஓடினதைப் பாத்துட்டு ஓடும்னு எழுதிடுவீங்களா? நாள் பூரா—"

ஸ்டோர்காரர், "ஏன்ப்பா நிறுத்திட்ட, திட்டு" என்றார்.

கழிப்பறையில் போய் உட்கார்ந்தேன். டிப்ளமாவில் இரண்டாம் வருஷப் பாடம் இது. இதில் தொண்ணூற்றொரு மார்க் வாங்கியவன் நான். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்க முடியுமா? முடியும். எத்தனை தடவை? தூக்கிய பிறகு என்ன? கட்டம் கேட்கவில்லை. கட்டம் முட்டாள். நான்?

மே 20, செவ்வாய்

அக்கா மேல்முறையீட்டுக்காக அலுவலகம் போய்க் கோப்பின் நகல் வாங்கி வந்திருக்கிறாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது தையல் மெஷின் மேல் ஒரு தாள் இருந்தது. துணி எதுவும் இல்லை. தாள் மட்டும்.

"உனக்கு எழுதச் சொல்லிக்குடுத்தது நான்தானே. உன்னோட 'ழ' எனக்குத் தெரியாதா?"

நின்றேன்.

"ஒரு மாசமா அந்த டாக்டரைத் திட்டினேன். நீ உக்காந்து சாப்பிட்ட."

"அக்கா, நான் பார்த்ததைத்தான்…"

"சரி, தூக்கினார். தூக்கினாருன்னு எழுதின. பாட்டுப் பாடிக்கொண்டேன்னு எதுக்குடா எழுதின?"

"பாடினாரேக்கா."

"வலிச்சா பாடுவாருடா!" கத்தினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள், குட்டி உள்ளே இருந்தாள். "கத்தினா குழந்தை பயப்படும்னு பாடுவாரு. விழுந்ததிலேர்ந்து அப்படித்தான். மூணு வருஷமா ஒரே வீட்ல இருக்க."

மெஷின் மேலிருந்த தாளை எடுத்தேன்.

"அந்தக் கேனை ஏன் தூக்கினாரு தெரியுமா? நீ சொன்னியே, சும்மாதானே இருக்காருன்னு. அதுக்குத் தூக்கினாரு. மறுநாள் நீ ஆலையில தங்கிட்ட. ரெண்டு நாளும் இந்தத் தரையில கிடந்தாரு. நானும் குட்டியும் பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போனோம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு. தம்பிக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவான்னு."

சங்கடப்படுவான். அந்த வார்த்தையை இங்கே எழுதிவிட்டுப் பத்து நிமிஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மே 21, புதன்

அக்கா சோறு போட்டாள். பேசவில்லை.

மே 22, வியாழன்

ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். உட்காரக்கூட இல்லை. "அத்தான், அந்த வாக்குமூலத்தை எழுதினது நான்தான். முடியும்னு போட்டேன்."

"தெரியும் மாப்ள."

"அக்கா சொன்னாளா?"

"டாக்டர் கேட்டாரே. பாட்டுப் பாடிக்கிட்டே தூக்கினீங்களாமேன்னு. நான் பாடினதைக் கேட்டது நீ ஒருத்தன்தானே."

ஏப்ரல் மூன்றாம் தேதியே தெரியும். தெரிந்துகொண்டுதான் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னோடு பஸ்ஸில் நின்று, வீட்டில்தான் தனித்தனிப் பாய் என்று சிரிக்கவைத்தார்.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? ஏன் என்னைத் திட்டலை?"

"என்னன்னு திட்ட? தூக்கினது நிஜம்தானே." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீயும் கஷ்டப்பட்டுத்தான வர்ற" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மே 26, திங்கள்

அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அலுவலகம் போனேன். புதிய வாக்குமூலம் நான்கு பக்கம். பன்னிரண்டு கேள்விக்கும் பக்கத்திலேயே எழுதினேன்: எத்தனை முறை, எவ்வளவு நேரம், அதற்குப் பின் எத்தனை நாள் படுக்கை. அக்காவிடம் கேட்டுத்தான் எழுதினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

கவுன்டர் அம்மாள் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"இதுல முடியும். இதுல முடியாது. எது பொய்?"

"ரெண்டும் பொய் இல்லை. முதல்ல எழுதினது பத்து நிமிஷம் பாத்துட்டு எழுதினது."

"பத்து நிமிஷம் பாத்துட்டா ஒன்பது டிக் போட்டீங்க?"

"ஆமா."

"தப்பான தகவல் குடுத்ததா உங்க மேல நோட்டீஸ் வரலாம்."

"வரட்டும்."

அவர் முத்திரையை எடுத்தார், குத்தவில்லை. "பதினெட்டு வருஷமா இந்த சீட்ல இருக்கேன் தம்பி. கூட இருக்கிறவங்க கஷ்டத்தைக் கொஞ்சம் ஏத்தித்தான் எழுதுவாங்க. நாங்களும் அதைக் கழிச்சுத்தான் படிப்போம். சொந்த வீட்டாளு இறக்கி எழுதினதால அப்படியே நம்பிட்டாங்க."

குத்தினார்.

அதாவது டாக்டரின் ஏழு நிமிஷத்தை விட என் மூன்று வரிக்குத்தான் எடை. சொந்தக்காரன் எழுதியது என்பதால்.

ஜூன் 1, ஞாயிறு

ஏழு வித்தியாசம் அநியாயம் என்று மார்ச்சில் எழுதியிருக்கிறேன். இன்றும் அநியாயம்தான், அதை வாபஸ் வாங்கப் போவதில்லை. அறுபது மணி நேரத்துக்கு ஏழு என்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் அந்த எழுபத்திரண்டு நின்ற பிறகு எனக்கு என்ன கூடிற்று? நூறு நூறாகவே இருக்கிறது. முதலில் சூப்பர்வைசரிடம் கேட்டேன், இல்லை என்றான். அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கு வந்து, கைக்கு எட்டுகிற ஆளிடம் வசூலித்துக்கொண்டேன். வேறு எப்படி எழுதினாலும் பூசி மெழுகுவதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். உதவித்தொகை திரும்ப வருகிறது, ஜூலையிலிருந்து. நின்றுபோன மாதங்களுக்குக் கிடையாது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். புதிய மருத்துவ அறிக்கையில் இடது பாதம் பற்றித் தனிப் பத்தி. அந்தப் பத்தியால்தான் வேகமாக முடிந்ததாம். கவுன்டர் அம்மாள், "இனிமே யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கேள்வி கேட்கமுடியாத அளவுக்கு ஆக்கிவிட்டேன்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. அத்தான் கணுக்காலில் பிளாஸ்டிக் தாங்கி போட்டுக்கொண்டு, குட்டியின் தோளைப் பிடித்து நடக்கிறார். கால் முன்பக்கம் தரையில் உரசுகிறது. குட்டி, "அப்பா, ரயில் மாதிரி சத்தம் வருது" என்கிறாள். "டிக்கெட் எடுத்தியா?" என்கிறார்.

ஜூலை 5, சனி

மதியம் நான் வீட்டில். அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூடத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நானும் அவர் தேறிவருகிறார் என்று சந்தோஷப்பட்டுப் பேச்சை வளர்த்தேன். கடைக்குப் போகக் கீழே இறங்கினேன், பையை மறந்துவிட்டேன், திரும்பி வந்தேன். நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தரையில் படுத்திருந்தார், முழங்காலை மடக்கி, கண்ணை மூடி. கதவுச் சத்தம் கேட்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"படுங்க அத்தான்."

"இல்ல மாப்ள, சும்மாதான். சும்மா ஒரு நிமிஷம்."

சும்மா என்று அவரே சொல்கிறார். எனக்கு விளக்கம் சொல்கிறார், அவர் வீட்டில், அவர் தரையில்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் அக்கா மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள். துணி உலர்த்திக்கொண்டே பேசினாள். மே மாதத்துக்குப் பிறகு இத்தனை நீளமாகப் பேசியது இன்றுதான்.

"உன் மேல கோவம் இல்லடா. இருந்துச்சு. இப்ப சோர்ந்துபோச்சு."

"சொல்லுக்கா."

"நீ இருந்தா அவர் படுக்கமாட்டேங்கிறாரு. நீ வர்ற நேரம் ஆச்சுன்னா எழுந்து உக்காந்துக்கிறாரு. நீ பாத்துட்டு இருக்கன்னு நினைப்பு. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கலை. வலிச்சாலும் உக்காந்திருக்காரு."

துணிக் கவ்வியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் பாக்கலைக்கா. இப்ப அப்படிப் பாக்கலை."

"தெரியும். அவருக்குத் தெரியலையே."

ஆலைக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது, கட்டில் போட இடம் போதும் என்றேன். எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது போல, வாயில் தயாராக வந்தது. அக்கா தலையாட்டினாள். கீழே இறங்கும்போது, "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். அதற்குத்தான் எனக்குக் கண் கலங்கியது.

அத்தானிடம் ஷிஃப்ட் வசதிக்காகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் தெரிந்து சொன்ன பொய். "அப்படியா மாப்ள" என்றார். நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மாதம் பிறந்ததும் வாடகையில் என் பாதியை அக்கா கணக்கில் போட்டுவிடுவது. போட்டேன் என்று சொல்லிக்காட்டாமல்.

2. சூப்பர்வைசரிடம் சம்பளம் பற்றி மறுபடி பேசுவது. தனியாக இல்லை. இஸ்திரியம்மாவும் ஸ்டோர்காரரும் வருகிறார்கள், இதுவரை பதினொரு கையெழுத்து. வண்டிக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுவது.

3. செவ்வாய் காலைகளில் விடுப்பு வாங்குவது. அத்தானுக்கு அன்று கால் பயிற்சி. கூப்பிட்டால் மட்டும் போவது.

4. குட்டியின் மேசைக் கால் ஆடுகிறது. இன்றே முடுக்கிவிடுவது.

5. நாளை காலை 5.30 பஸ். பெட்டி ஒன்று, கருவிப் பை ஒன்று. கூடத்து விளக்கைப் போடாமல் போவது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது. அவர் படுத்திருப்பார்.